தடைக்காலத்தில் நின்ற பெட்டிகள்

சுத்தக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் அழுக்குப் பேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டில் பாத்திரம் பளபளவென்றுதான் இருக்கும். நான் சொல்கிற ஆட்கள் வேறு. அடுத்தவர் மேஜையைப் பார்த்ததும் கை அரிக்கிறவர்கள், "இதெல்லாம் யூஸ் ஆகுதா?" என்று கேட்டுவிட்டு பதில் வருவதற்குள் குப்பைக் கூடையை இழுக்கிறவர்கள். அப்படி ஒருவர் எங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சேர்ந்த வருஷத்துத் தடைக்காலத்தை இன்றைக்கு நினைத்தாலும் முதலில் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிடுகிறது.

ஆபீஸ் ராயபுரத்தில், மீன்பிடி ஹார்பருக்குப் போகிற வழியில், வலையும் கயிறும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடி. கீழேயிருந்து நைலான் வாசனை எப்போதும் ஏறி வரும். முதலாளி பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், எல்லோருக்கும் அவர் பாய்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர், ஹார்பர் ஆட்களோடு பழகிப் பழகி அவர்களுக்கே மென்பொருள் செய்துதர ஆரம்பித்தார். எந்த விசைப்படகு, எங்கள் பேச்சில் எந்தப் போட்டு, எவ்வளவு டீசல் போட்டது, எத்தனை பெட்டி ஐஸ் ஏற்றியது, என்ன மீனோடு திரும்பியது, எல்லாம் ஓனர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் ஹார்பரை ஒட்டின மீனவர் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாததால் படிப்பு ஒத்துக்கொண்டது.

தகவலை எங்கோ இருக்கிற அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைக்கிற 'க்ளவுட்' என்கிற மேகத்தில் எல்லாம் பாய்க்கு நம்பிக்கை கிடையாது. "என் பொருளு என் கண்ணு முன்னாடி இருக்கணும்மா" என்பார். அதனால் எங்கள் சர்வர் ஏசிக்குக் கீழே, ஒரு இரும்பு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கண்டெய்னர். லாரி மேல் ஏறி எண்ணூர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒரு மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையான சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பக்கத்து மூட்டையோடு சண்டை போடாமல் ஓடவிடுகிற ஏற்பாடு. நாங்கள் 'பெட்டி' என்றுதான் சொல்வோம். பெட்டியை உருவாக்க ஒரு அச்சு வேண்டும், அதற்கு இமேஜ் என்று பெயர். தகவலைப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் பெட்டி போகும்போது தகவலும் போய்விடும் என்பதால், அதற்குத் தனியாக வெளியே ஒரு கிடங்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதிக் கதை புரியும்.

கடலில் மீன் குஞ்சு பொரிக்கிற கோடை மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது அரசாங்க உத்தரவு. அதுதான் தடைக்காலம். அந்த நாட்களில் ஹார்பரில் போட்டுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். மரம் மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைக் கழற்றி மல்லாக்கப் போடுவார்கள். குப்பத்தில் கல்யாணங்கள் எல்லாம் அப்போதுதான் வரிசை கட்டி நடக்கும், ஆண்கள் கரையில் இருக்கிற ஒரே காலம் அது. எங்கள் ஆபீசிலும் ஒரு வழக்கம் உண்டு. தடைக்காலம் ஆரம்பித்ததும், போட்டுக்காரர்களின் பெட்டிகளை எல்லாம் நிறுத்திவிடுவோம். "போட்டே கரைல கீது, இது எதுக்கு சும்மா ஓடி கரண்ட்ட துன்னுகினு கீது?" என்பது பாயின் கேள்வி. ஐஸ் ஃபாக்டரி, லாரிக்காரர்கள் பெட்டி மட்டும் ஓடும். தடை முடிகிற வாரத்தில் நின்றதையெல்லாம் மறுபடி கிளப்புவோம். எந்தக் கம்பெனியிலும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். எங்களுக்கு அது பழகிவிட்டது.

புதிதாக வந்தவர் விம்கோ நகர்க்காரர். என் வயசுதான் இருக்கும். ஊருக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவர். போகவர தினமும் பாதி ஆயுள் போகிறது என்று அலுத்துப்போய் எங்களிடம் வந்தார். வந்த முதல் நாளே தன் மேஜையை ஈரத்துணியால் துடைத்தார். இரண்டாம் நாள் என் மேஜையைத் துடைக்க வந்தார். நான் பார்த்த பார்வையில் துணியை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார். என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். ராயபுரத்தில் என்னை அதற்கு முன் மேடம் என்று கூப்பிட்டது வங்கி மேனேஜர் ஒருவர் மட்டும்தான், அதுவும் கோபத்தில்.

என் சித்தி மகள் கல்யாணத்துக்காக நான் லீவில் இருந்தபோது சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஐஸ் ஃபாக்டரிக்காரர் போன் செய்து, கணக்குப் பதியவில்லை என்று கத்தியிருக்கிறார். விம்கோ நகர்க்காரர் என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். என் போன் கைப்பையில், பை சித்தியின் பீரோவில், நான் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தேன். பாயிடம் போய், "யூஸ் பண்ணாததையெல்லாம் எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பாய் அப்போது ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாராம். "கலீஜா கீறதெல்லாம் தூக்கிப் போடு நைனா. இத்தப்போயி என்கிட்ட கேட்டுகினு" என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பெட்டி உலகத்தில் சுத்தம் செய்வதற்கு 'ப்ரூன்' என்று ஒரு கட்டளை உண்டு. தோட்டத்தில் காய்ந்த கிளையை வெட்டுகிற மாதிரி. ஓடாத பெட்டி, யாரும் தொடாத அச்சு, ஆள் இல்லாத கிடங்கு, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளும். வெட்டுவதற்கு முன் "நிச்சயமா?" என்று ஒரு தடவை கேட்கும். சுத்தக்காரரிடம் போய் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்?

மருதாணிக் கையோடு நான் ஆபீசுக்குத் திரும்பினபோது அவர் முகம் மலர்ந்து இருந்தது. "மேடம், டிஸ்க்ல பாதிக்கு மேல காலி" என்றார். நல்லது என்று உட்கார்ந்து, பெட்டிகளின் வரிசையை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் ஃபாக்டரி இருந்தது. லாரிக்காரர்கள் இருந்தார்கள். ஒரு போட்டு கூட இல்லை. நிறுத்தி வைத்தவற்றையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். அப்போதும் இல்லை. ஹார்பரே காலி.

அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கீழே வலைக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் மெதுவாக, "எல்லாமே நின்னு ரொம்ப நாள் ஆச்சு மேடம். அதான் வேணாம்னு நெனச்சேன்" என்றார்.

"நின்னா வேணாம்னு அர்த்தமா? ஹார்பருக்குப் போய்ப் பாருங்க. அத்தினி போட்டும் நின்னுகினுதான் கீது. எல்லாத்தையும் ஒடச்சி வெறகு போட்ருவீங்களா?"

அவர் ஜன்னல் வழியாக ஹார்பர் பக்கம் பார்த்தார். பிறகு, "எங்க பக்கம் அப்படி இல்ல மேடம். அங்க நின்னது நின்னதுதான்" என்றார்.

அவருடைய அப்பா அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். ஒருநாள் மெஷின் நின்றது. திரும்ப ஓடும், திரும்ப ஓடும் என்று அப்பா தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்வந்தாராம். மெஷின் ஓடவில்லை. பழைய இரும்பு எடுக்கிறவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நின்ற பொருளைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் மனுஷனுக்குக் காத்திருக்கிற பாடு மிச்சம் என்பது அவர் வீட்டில் கற்றுக்கொண்ட பாடம். இதை அவர் சாக்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

உட்கார்ந்து பார்த்தபோது சேதம் நான் பயந்த அளவுக்கு இல்லை. அச்சுகளைத் திரும்பச் செய்துகொள்ளலாம், அதற்கான செய்முறை எல்லாம் பத்திரமாக இருந்தது. வாடிக்கையாளர் தகவலுக்குப் பாய் ஒவ்வொரு நாளும் வெளியே ஒரு நகல் எடுத்து வைக்கிறவர். ஒவ்வொரு போட்டுக்கும் பெட்டியைத் திரும்பக் கட்டி, தகவலை உள்ளே வைத்து, ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்தினோம். அந்த வேலையில் விம்கோ நகர்க்காரர் கெட்டி. அது மட்டுமில்லை, அவர் தூக்கிப் போட்டதில் பெரும்பகுதி உண்மையிலேயே குப்பைதான். அதில் முக்கால்வாசி என் குப்பை. நான் சோதனைக்கென்று கட்டிப் பார்த்துவிட்டு மறந்த அச்சுகள், பெயர் கூட வைக்காமல் விட்டவை, 'புதுசு', 'புதுசு கடைசி', 'இதுதான் கடைசி' என்று நான் பெயர் வைத்தவை. அவர் அவற்றின் பெயர்களை எனக்குப் படித்துக் காட்டினார். முகத்தில் சிரிப்பு வராமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று பாய் டீ வரவழைத்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"அய்யய்யோ. உங்க அண்ணன் பாயிண்டு?"

என் அண்ணன் விசைப்படகு டிரைவர். டிரைவருக்குச் சொத்து என்பது அவனுடைய பாயிண்டுகள்தான். கடலில் எந்த இடத்தில் பாறை, எங்கே பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, எங்கே வலை மாட்டிக் கிழியும், எங்கே எந்தக் காற்றில் என்ன மீன் கிடக்கும் என்று வருஷக்கணக்காக அலைந்து கண்டுபிடித்த இடங்கள். ஒவ்வொன்றையும் போட்டில் இருக்கிற ஜிபிஎஸ் மெஷினில் குறித்து வைப்பார்கள். நம்பர்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, அதற்குத்தானே மெஷின். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் அண்ணன் ஓட்டின போட்டை அதன் ஓனர் வேறு ஊர்க்காரருக்கு விற்றுவிட்டார். வாங்குகிறவனுக்கு என் பாயிண்டை ஏன் தாரை வார்க்க வேண்டும் என்று, போட்டைக் கொடுப்பதற்கு முன் அண்ணன் மெஷினைச் சுத்தமாக அழித்தான். டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். அழிப்பதற்கு முன் பாய் ஒரு மெமரி கார்டில் அத்தனையையும் எடுத்து எங்கள் சர்வரில் ஏற்றினார். இருவரும் சின்ன வயசுத் தோஸ்து. தோஸ்துக்குச் செய்கிற உதவி என்பதால், டீ ஆறுவதற்குள் ஒரு பெட்டியைக் கட்டி, கிடங்கு கிடங்கு என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிற மனுஷன், தகவலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். தினசரி நகல் எடுக்கிற வரிசையில் அது சேரவில்லை. அந்தக் கார்டில் பிறகு அவர் தன் தங்கை மகன் கல்யாண வீடியோவை ஏற்றிவிட்டார்.

ஓடாமல் நின்ற மற்ற பெட்டிகளோடு அந்தப் பெட்டியும் போயிற்று. அதோடு அண்ணனின் பாயிண்டுகளும் போயின.

தடை முடிந்ததும் அண்ணன் ஒரு புது ஓனரின் புதுப் போட்டை எடுக்க வேண்டும். அவனுக்கு அந்தப் போட்டைக் கொடுத்ததே அவன் கையில் இருக்கிற பாயிண்டுகளை நம்பித்தான். முதல் பயணத்தில் வலையைக் கிழித்துக்கொண்டு வெறும் மீன் பெட்டியோடு திரும்பினால் இரண்டாவது பயணத்துக்கு வேறு டிரைவர் ஏறிவிடுவான். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். டீயை யாரும் குடிக்கவில்லை.

"நான் சொல்றேன்" என்றேன். "நான்தானே அழிச்சேன், நான் சொல்றேன்" என்றார் விம்கோ நகர்க்காரர். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என் மேஜையை ஒரு தடவை துடைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

மூன்று பேருமாக ஹார்பருக்குப் போனோம். அண்ணன் புதுப் போட்டின் பக்கவாட்டில் பலகையில் தொங்கிக்கொண்டு, நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். காதிலும் நீலம். "இன்னாமே, ஆபீசே எயுந்து வந்துகினு கீது?" என்றான். விம்கோ நகர்க்காரர் முன்னால் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பெட்டி, அச்சு என்று அவர் விளக்க ஆரம்பித்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அத்தெல்லாம் உடு. பாயிண்டு கீதா, இல்லயா?"

"இல்ல."

அண்ணன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். ஏறி மேலே வந்து உட்கார்ந்தான். அவன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் கத்துவதுதான் நல்ல அறிகுறி. அவன் கையிலிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பாய்தான் தாங்க முடியாமல், "மாமு, எதுனா சொல்லேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருதாணிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்ததும்தான் அண்ணன் வாயைத் திறந்தான். "அய்ய, நீ இன்னாத்துக்கு அயுவுற? கல்யாண வூட்டுப் பொண்ணு மாரி கைய வச்சிகினு." அப்புறம் விம்கோ நகர்க்காரரைப் பார்த்து, "வல கியியுற எடமெல்லாம் பிரச்சன இல்ல சார். அத்த நான் எல்லாருக்கும் குட்துகீறேன். போய்க் கேட்டா குட்துருவானுங்க" என்றான்.

ஹார்பரில் அது ஒரு எழுதாத சட்டம். வலை மாட்டுகிற பாறையை யார் கேட்டாலும் சொல்லியாக வேண்டும். பகையாளி கேட்டாலும் மறைக்கக்கூடாது. மீன் கிடக்கிற இடத்தை மட்டும் மச்சான் கேட்டாலும் சொல்லக்கூடாது. அதனால் அண்ணன் கண்டுபிடித்த பாறைகள் எல்லாம் மற்ற போட்டுகளின் மெஷின்களில் சிதறிக் கிடந்தன. தடைக்காலம் என்பதால் அத்தனை போட்டும் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றன. போய் வாங்குவதுதான் வேலை.

விம்கோ நகர்க்காரர் மறுநாளே ஒரு மடிக்கணினியும், வகைவகையான கேபிளும், புத்தம் புதிய கார்டுகளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போட்டுக்குப் போட்டு தாண்டித்தான் போக வேண்டும், நடுவில் பலகை கிடையாது. கட்டிப்போட்ட போட்டு லேசாக ஆடும், அவ்வளவுதான். அதற்கே மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. முதல் நாள் மதியம் பாய் வாங்கித் தந்த சாப்பாட்டை ஹார்பர் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார். "கட்டுன போட்ல வாந்தி எடுத்தவரு நீங்கதான் சார் மொத ஆளு" என்று ஒரு டிரைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த நாளிலிருந்து அவர் போகிற போட்டில் எல்லாம் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. மெஷின் மெஷினாகப் பாயிண்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த டிரைவருக்கும் ஒரு நகல் கார்டில் போட்டுக் கொடுத்தார். ஏறின இடத்திலெல்லாம் மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரும்பு கிடக்கிற இடம், பழைய கப்பல், நங்கூரம் மாட்டின மேடு. அண்ணன் திரையில் பார்த்துப் பார்த்து, "ஆங், இத்தான், இத்தான்" என்பான். வலை கிழியாமல் போய்வரலாம் என்று ஆயிற்று. ஆனால் மீன் பாயிண்டுகள் இல்லை. அதில் ஒன்றுக்காக அவன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். தடை முடிந்த கையோடு போனால் கணவாய் மீனை அள்ளலாம் என்கிற ஓர் இடம். எங்கள் வீட்டுக் கல்யாணங்கள், அண்ணியின் வளையல், என் கடைசி வருஷக் காலேஜ் எல்லாம் அந்த இடத்திலிருந்து வந்தவை. அண்ணிக்குக் கூட அது எந்தப் பக்கம் என்று தெரியாது.

அந்த இடத்தால்தான் அண்ணனுக்கும் பக்கத்துப் போட்டு டிரைவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இருவரும் ஒரே தெருக்காரர்கள், ஒன்றாகக் கடலுக்குப் போகப் பழகியவர்கள். ஒரு தடவை கடலில் தன் பின்னாலேயே வந்து அவர் அந்த இடத்தைத் திருடிவிட்டார் என்று அண்ணன் சொன்னான். வரவே இல்லை என்று அவர் கோயில் வாசலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு போட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இரண்டு டிரைவரும் எதிர்த்திசையைப் பார்த்துதான் பல் விளக்குவார்கள். பாறைப் பாயிண்டு வாங்கப் போகும்போதும், "அவன்கிட்ட மட்டும் போவாத" என்று அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தான். விம்கோ நகர்க்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டான். அவர் வரிசையாகப் போனவர், வரிசைப்படி அதிலும் ஏறி, எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, பாறைகளை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்துவிட்டார்.

"யாரு போட்ல ஏறிட்டு வர்றீங்க தெரியுமா?" என்று நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல மனுஷன் மேடம். அவரே வர்றேன்னு சொன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த டிரைவர் எங்கள் போட்டுக்குள் கால் வைத்தார். பாய் சட்டென்று எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார். அண்ணன் கையில் பெயிண்ட் பிரஷ் இருந்தது. அதை வைத்து அவனால் என்ன செய்துவிட முடியும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வந்தவர் அண்ணனைப் பார்க்கவில்லை. விம்கோ நகர்க்காரரின் மடிக்கணினியைப் பார்த்துப் பேசினார். "பாறயெல்லாம் சார் எட்துகினாரு. இன்னொன்னு கீது. அத்த நான் எட்க்கச் சொல்லல. நானே வந்து குட்த்தாதான் சரி." சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு நம்பர்கள் பேனாவில் எழுதியிருந்தன. விம்கோ நகர்க்காரர் அதை வாங்கி, தட்டச்சு செய்து, வரைபடத்தில் போட்டார். கடலுக்கு நடுவே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி விழுந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தான். சுற்றிலும் ஏற்கெனவே திரும்பி வந்திருந்த பாறைகளைப் பார்த்தான். வடக்கே அந்தப் பழைய கப்பல், தெற்கே மேடு, நடுவில் இது. அவன் முகம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப நீ வந்த" என்றான்.

"வந்தேன்."

"கோயில்ல நின்னு வர்லன்னியே."

"அத்தச் சொல்லத்தான் வந்துகீறேன். வந்தேன், எட்தேன், அஞ்சாறு தபா போயும் வந்தேன். பொய்யி சொன்னது தப்புதான். போதுமா?"

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. வருஷக்கணக்காக இந்த வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான். அது கிடைத்த நாளில் அவனுக்குத் திட்டத் தெரியவில்லை. திருடினவரிடம் மட்டும்தான் அவனுடைய சொத்து மிச்சம் இருந்தது. அவர் யோக்கியராக இருந்திருந்தால் எங்களுக்கு அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்தால் கொலை விழும் என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பாயின் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

"கம்முனு இருந்திருந்தா அது உன்துதானே?" என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "என்கிட்டருந்துதான் பூட்ச்சே. இன்னாத்துக்குக் குட்த்த?"

அவர் அப்போதுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"கடலுக்குப் போறப்பெல்லாம் நீ எங்கனா பக்கத்துல இருப்ப. திட்டிகினாவது இருப்ப. நீ இல்லாம தனியா அங்க போயி இன்னா பண்றது? பேஜாருபா."

விம்கோ நகர்க்காரர் அந்தப் புள்ளியைப் பத்திரப்படுத்தி, ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்தார். அவருடைய வாழ்க்கையில் ஒரே பொருளை மூன்று தடவை வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். நீலக் கையை வேட்டியில் துடைத்து, அது போகாது என்று தெரிந்தும் இன்னொரு தடவை துடைத்து, அந்தக் கையைப் பக்கத்துப் போட்டு டிரைவரின் தோளில் போட்டான்.

"இந்த தபா நீ முன்னாடி போ" என்றான். "நான் பின்னாடி வரேன்."